நாங்கள் எட்டில் வைத்த செவ்வாய்

எங்கள் விடுதியில் எங்கள் இருவரையும் எல்லோரும் 'புருசன் பொண்டாட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டன்கூட ஒரு முறை, "ஏட்டி, உம் பொண்டாட்டி எங்க? சாப்பிட வரல?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, மலை பார்த்த பொட்டலில் இருந்த பெண்கள் கல்லூரி. அங்கே கைகோத்து நடக்காத பெண்களே கிடையாது. ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், ஒரே போர்வைக்குள் தூங்குவார்கள். அதனால் எங்கள் விஷயம் எல்லோருக்கும் கேலியாக இருந்தது, யாருக்கும் சந்தேகமாக இல்லை.

நாங்கள் இருவரும் காதலித்தோம். இப்போது எழுதிவிட முடிகிறது. அப்போது எங்களுக்குள்கூட அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டதில்லை.

இன்றைக்குக் கல்லூரிகளில் இதற்கெல்லாம் குழு இருக்கிறதாம், கூட்டம் போடுகிறார்களாம், பேசி ஆறுதல் சொல்ல ஆள் வைத்திருக்கிறார்களாம். நல்லது, இருக்கட்டும். எங்களுக்கு இருந்தது ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு சாக்குக் கடைக்காரர் மகளும்.

தொட்டி விடுதி மொட்டைமாடியில் இருந்தது. எங்களுக்கு முந்தின செட்டில் எங்களைப் போலவே ஒரு ஜோடி. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, தெரிந்தது. கடைசிப் பரீட்சை முடிந்து பெட்டி கட்டுகிற அன்று அவர்களில் ஒருத்தி என்னை மாடிக்கு அழைத்துப்போய்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த இடத்தைக் காட்டினாள். "இங்கன இருந்தா படியில யார் ஏறுனாலும் கொலுசுச் சத்தம் கேக்கும். வாரவியளுக்கு நம்மளத் தெரியாது" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு ஆவணியில் கல்யாணம். மற்றவள் அன்று மாடிக்கு வரவே இல்லை. அந்த இடத்தை எங்கள் கையில் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் இரண்டு பஸ்ஸில் போனார்கள்.

சாக்குக் கடைக்காரர் மகள் எங்கள் அறைத்தோழி, முஸ்லிம் பெண். ராஜபாளையம் பஜாரில் அவள் அத்தாவுக்குக் கடை. எங்களைப் பற்றி அவளிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு நாள் தன் கட்டிலைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, எங்கள் கட்டில் இரண்டையும் மூலையில் சேர்த்துப் போட்டாள். "எனக்குக் காத்து வேணும்ட்டி" என்றாள். மார்கழிக் குளிரில் காற்று வேண்டுமாம். அவளைப் போல ஒரு மனுஷியை அப்புறம் நான் பார்க்கவில்லை.

என்னவள் தேவதானத்துப் பெண். அப்பாவுக்கு வயலும் கொஞ்சம் தென்னையும் இருந்தன. பி.காம். முடிந்ததும் கல்யாணம் என்பது அவள் கல்லூரியில் கால் வைத்த அன்றே பேசி முடித்த விஷயம். நான் ராஜபாளையத்து மில் தொழிலாளியின் கடைசி மகள். எனக்கு முன்னால் மூன்று அக்காமார் வரிசையில் நின்றார்கள். என்னை யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. ஆபத்து முழுக்க அவள் பக்கம்தான்.

மூன்றாம் வருடம் பொங்கல் விடுமுறையில் அவள் வீட்டில் ஜாதகத்தைத் தேடியிருக்கிறார்கள். கரையான் தின்று வைத்திருந்தது. "ஸ்ரீவில்லிபுத்தூர்ல நல்ல ஜோசியர் இருப்பாக, நீயே எழுதி வாங்கிட்டு வா" என்று அவள் அம்மா நாளும் நேரமும் சொல்லி அனுப்பினார். நேரம் என்றால் கடிகாரத்து நேரம் இல்லை. பால் கறந்து முடித்த பிறகு, பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்கு முன்னால். நாங்களே அதற்கு ஒரு மணி போட்டுக்கொண்டோம்.

தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு ஜோசியர். நாங்கள் இருவரும் உள்ளே போனோம். தோழி வெளியில் எங்கள் செருப்புக்குக் காவல் நின்றாள். ஜோசியர் கட்டம் போட்டு, சோழியை ஒதுக்கி வைத்துவிட்டு, வாய் நிறையச் சிரித்தார்.

"சுத்த ஜாதகம் தாயி. செத்த நேரம் பிந்திப் பொறந்திருந்தேன்னு வையி, செவ்வா எட்டுல விழுந்திருக்கும். மாங்கல்ய தோஷம். ஒருத்தன் வாசப்படி மிதிச்சிருக்க மாட்டான். மயிரிழையில தப்பிச்சிட்ட."

வெளியே வந்து தோழியிடம் சொன்னபோது அவள் நடு ரோட்டில் நின்றுவிட்டாள். "அப்ப செத்த நேரம் பிந்தியே பொறந்துருட்டி. யாரு பாத்தா?" என்றாள். "உங்காளுகளுக்குக் கல்யாணத்த நிறுத்த ஒரு செவ்வா போதும்னா அத ஏன் விடணும்? எங்கள்ல இந்த வசதியெல்லாம் கெடையாது. எனக்கு மாமா மகன் இப்பவே ரெடியா நிக்கான்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸை விட்டோம். அடுத்த வாரம் ராஜபாளையத்தில் வேறொரு ஜோசியரிடம் போனோம். பள்ளிக்கூடத்து மணி அடித்து, முதல் பாடமும் முடிகிற நேரத்தில் அவளை மறுபடி பிறக்க வைத்தோம். நாள் அதே நாள், நட்சத்திரம் அதே நட்சத்திரம். செவ்வாய் மட்டும் சமர்த்தாக எட்டில் போய் உட்கார்ந்தது. அந்த ஜோசியர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். நாங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டோம். நன்றாகத்தான் நடித்தோம்.

வேலை செய்தது. அதுதான் கொடுமை. வருகிற மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்தார்கள். வீட்டில் வெறுமனே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாள் என்று அவளை அதே கல்லூரியில் எம்.காம். சேர்த்துவிட்டார்கள். நானும் சேர்ந்தேன். சாக்குக் கடைக்காரர் மகளும் மாமா மகனிடம் தவணை வாங்கிக்கொண்டு சேர்ந்தாள். ஒவ்வொரு வரன் தட்டிப்போன செய்தி வரும்போதும் கேன்டீனில் போண்டா சாப்பிட்டோம். புரட்டாசி சனிக்கிழமைகளில் விடுதியே பக்கத்திலிருந்த திருவண்ணாமலை என்கிற குன்றுக்குப் பெருமாளைக் கும்பிடப் போகும். அவள் அப்பா வேண்டுதலாக மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று எழுதி அனுப்புவார். அவள் மலைப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டே, "பெருமாளே, காதுல வாங்கிராத" என்பாள்.

தொட்டிக்குப் பின்னால் இருந்த இடம் எங்களோடு நிற்கவில்லை. முதல் வருடத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு எதற்கெடுத்தாலும் அழுகை. அவர்களுக்கு நாங்கள்தான் பரீட்சைப் பாடம் சொல்லிக்கொடுத்தோம், வார்டன் எப்போது வருவார் என்று சொல்லிக்கொடுத்தோம், அழுதவளைச் சாப்பிட வைத்தோம். எங்கள் செவ்வாய்க் கதையைக் கேட்டுவிட்டு அவள், "அக்கா, எனக்கும் ஒண்ணு வச்சுத் தாங்கக்கா" என்று கெஞ்சினாள். நல்லவேளை, வைத்துக் கொடுக்கவில்லை.

எம்.காம். முடிகிற தறுவாயில் அவளுடைய அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு வரன் கொண்டுவந்தார். தென்காசிப் பக்கம், அரசாங்க வேலை. கொஞ்சம் வயதானவர். அவருக்கும் செவ்வாய்.

தோஷத்துக்குத் தோஷம் சரியாகிவிடும் என்பது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதற்காக ஒருவன் வருவான் என்று நினைக்கவில்லை. எங்களைப் போல அந்தப் பக்கமும் ஒரு வீட்டில், முடி கொட்ட ஆரம்பித்த மகனை வைத்துக்கொண்டு ஒரு தாய், எட்டில் செவ்வாய் உள்ள பெண்ணுக்காக ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருப்பாள் என்பது வணிகவியலில் முதுகலை படித்த எங்கள் மூளைக்கு எட்டவில்லை. சுத்த ஜாதகக்காரி என்றால் மூக்கு சரியில்லை, வேலை சரியில்லை என்று பத்துப் பேரைத் தட்டிக் கழிக்கலாம். அப்படியே வருடங்களை ஓட்டலாம். தோஷக்காரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கிடைத்தது ஒருத்தன், அவனை விட்டால் ஆள் இல்லை. அவள் மாட்டேன் என்று அழுததை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அத்தை சொன்னாராம்: "கும்பிட்ட சாமி கொண்டாந்து விட்டிருக்கு. இதுல அழுகை என்ன வேண்டிக் கெடக்கு?"

தோழி கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுங்கள் என்றாள். அங்கே அவளுடைய சித்தி வீட்டில் இரண்டு மாதம் இருக்கலாம் என்றாள். என்னவள் தலையை ஆட்டினாள். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். ஓடிப்போனவளின் தங்கைகளை யார் கட்டுவார்கள்? அதைச் சொல்லிவிட்டுத் தொட்டிச் சுவரில் தலையை இடித்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. தங்கைகளுக்காக வாழப் போகிறாளாம். என்னைப் பற்றி யார் நினைப்பது?

மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். நேரம் பொய் என்று சொல்லிவிடுவது. பெண்ணுக்குத் தோஷம் இல்லை என்று தெரிந்தால் தோஷக்காரர் வீட்டில் தாமாகவே விலகிவிடுவார்கள். அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. நான் தேவதானத்துக்குப் போனேன்.

அவள் அம்மா கொல்லையில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஜாதகத்தில் இருக்கிற நேரம் தப்பு என்று ஆரம்பித்தேன். அவர் கையை நிறுத்தாமலே சொன்னார்:

"பெத்தவளுக்குத் தெரியாதா தாயி, எப்பப் பெத்தேன்னு? அவ அப்பா ஜாதகத்த வாசிச்ச அன்னைக்கே தெரியும்."

நானும் ஒரு புளியை எடுத்து நார் உரித்தேன்.

"படிக்கணும்னு ஏதோ செஞ்சிட்டா, ரெண்டு வருசம் நிம்மதியா இருக்கட்டும்னு வாய மூடிட்டு இருந்தேன். மொகத்துல அம்புட்டு வெளிச்சம் வந்துச்சே அந்த ரெண்டு வருசம்."

"அப்ப இப்பச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா நின்னுரும்."

"சொல்லுதேன். ஏன் மாத்துனான்னு கேப்பாக. அதுக்கு என்னத்தச் சொல்லட்டும்? நீயே சொல்லு."

சொல்லியிருக்கலாம். நான் இரண்டாவது பட்டம் வாங்கப் போகிறவள், கல்லூரி மேடையில் பேசிக் கோப்பை வாங்கியவள். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னிடம் ஒரு சொல்கூட இல்லை. அவர் நான் சொல்லிவிடக்கூடாதே என்று பயந்துகொண்டிருந்தார் என்பது மட்டும் தெரிந்தது. அவரே தாழ்ந்த குரலில் பேசினார்.

"சுத்த ஜாதகக்காரியத் தோஷக்காரன் கையில பிடிச்சுக் குடுக்கேன். அவ உசுருக்கு ஆகாதும்பாக. தெரிஞ்சேதான் குடுக்கேன். எனக்கு எப்படித் தூக்கம் வரும் தாயி?"

ஜோசியத்தை அவர் உயிராக நம்பினார். அந்த நம்பிக்கைப்படி மகள் செத்துப்போவாள். அப்படியும், ஏன் என்கிற ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதைவிட அது பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் எழுந்து, காப்பி குடிக்காமல், சேத்தூர் வரைக்கும் நடந்தே வந்தேன்.

கல்யாணத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே. மாப்பிள்ளையிடம் குறை கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தேன். மெதுவாகப் பேசினார், எங்களுக்கு அவரே இலை போடச் சொன்னார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. சாக்குக் கடைக்காரர் மகள் தாலி கட்டும்போது வெளியே போய் நின்றுகொண்டாள். நான் கடைசிவரைக்கும் உட்கார்ந்து, அட்சதை போட்டு, பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன். பந்தியில் பக்கத்திலிருந்த ஒரு அம்மா, இந்த ஜாதகத்தைப் போலப் பொருந்தின ஜாதகம் இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்றார். ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் அவள் எனக்கு எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்காமார் கல்யாணம் ஒவ்வொன்றாக முடிந்து என் முறை வந்தபோது, என் சம்பளத்தில் வீடு ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் என் கல்யாணம் ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்கு எந்தக் கிரகமும் தேவைப்படவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், ராஜபாளையம் பஸ் நிலையத்தில் அவள் அம்மாவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து செவ்வாய்க்கிழமை விடாமல் விரதம் இருக்கிறாராம், ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

"நாம பயந்த மாதிரி ஒண்ணும் ஆகல தாயி. ரெண்டு பிள்ளைக. உசுரோட இருக்கா" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

அத்தனை வருடக் கோபம். நான் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"எங்கூட இருந்திருந்தாலும் உசுரோடதாம்மா இருந்திருப்பா" என்றேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். தேவதானம் போகிற பஸ் வந்து நின்றது. என் கையை விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார்.

தெரியுமாம்.