கப்பலில் என்னைத் தேடிய கோமதி

தென்காசியிலிருந்து கொச்சி போய், நானும் மனைவி கோமதியும் பலமுறை சொகுசுக் கப்பல் ஏறியிருக்கிறோம். ஆட்டம் தெரியாமலிருக்கக் கீழ்த்தளத்தில் நடு அறையாக எடுங்கள் என்று நண்பர்களுக்கு யோசனைகூடச் சொல்வேன். அவளுக்கு மறதி நோய் முற்றியபோது, கப்பலைப் பார்த்தால் நினைவு திரும்பாதா என்ற ஆசையில் மறுபடியும் கூட்டிப்போனேன்.

மேல்தளத்தில் நிற்கும்போது தூறல் விழுந்தது. "குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சுட்டு!" என்று சிரித்தாள். பூரித்துப்போனேன். உடனே என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர எங்கனயாவது பாத்தியளா?" என்று கேட்டாள்.

"இப்ப வந்துருவாரு, உக்காருங்க," என்றேன்.

"வருவாரு. என்னைய விட்டுட்டு எங்கயும் போவ மாட்டாரு," என்றாள்.

என் முகத்தை மறந்தவள் அதை மறக்கவில்லை. அதுவே போதுமென்று மனதைத் தேற்றப் பார்க்கிறேன், முடியவில்லை.