முழு ரொக்கத்துக்கு எடுத்த பைக்

பைக்கில் வால்பாறை போக வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. "டியூ போட்டு இப்பவே எடுத்துப்போடலாமுங்க" என்று அவள் கேட்ட நாளெல்லாம் என் டைரியில் இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் 'கடன் வேண்டாம், ரொக்கம் சேரட்டும்' என்று எழுதியிருக்கிறேன்.

பதினான்கு ஆண்டுகள் சேர்த்து, போன ஆவணியில் பெரிய பைக் எடுத்தேன். கோயிலில் பூஜை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். "முழு ரொக்கமுங்க" என்று பூசாரியிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

"அம்மணி, நீங்களும் ஏறி உக்காருங்க" என்றார் அவர்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முயன்றாள். கால் எழும்பவில்லை. அவளுடைய மூட்டுவலி மாத்திரைகளையும் நான்தான் நாள் தவறாமல் டைரியில் குறித்து வந்தேன். அவள் பைக் கேட்ட நாட்களையும் அந்த மாத்திரைக் கணக்கையும் ஒருநாள்கூடச் சேர்த்துப் படிக்கவில்லை.

"டியூ கட்டாட்டி வண்டியத்தான் தூக்கீட்டுப் போவாங்க. டியூவே போடாத நமக்கு, என்ற ரெண்டு காலையும் தூக்கீட்டுப் போயிட்டாங்க" என்று சிரித்தாள். "நீங்க முன்னால போங்க. நா ஆட்டோவுல வாரேன்."

ஆபரேஷன் செய்தாலும் பைக்கில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேட்டரி இறங்காமல் இருக்க, ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். அந்தப் பத்து நிமிடமும் அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

கடனில்லாத வண்டி என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை.