அண்ணிக்குத் தைத்த டாப்ஸ்

சித்திரை வெயிலில், அண்ணனின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கும் தோட்டத்துக்குமாக அண்ணி நடந்துகொண்டே இருந்தாள். அவளை நினைத்தால் முதலில் வருவது அந்த நடைதான். உட்காரச் சொன்னால் உட்காருவாள், அடுத்த பேச்சுக்குள் எழுந்துவிடுவாள். முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே கிரைண்டர் வைத்து மாவரைத்து, மொபெட்டில் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்டவள். அண்ணன் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு குடும்பம் அவளுடைய ஓட்டத்தில்தான் ஓடியது. இடது மார்பில் கட்டி என்று கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மார்பையே எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

புண் ஆறியதும் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, ஆரம்பித்தார்கள். தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். அந்த இடத்துத் தோல் கறுத்து எரிந்தது. ரவிக்கை பட்டாலே துடித்தாள். இடது கையும் லேசாக வீங்கியிருந்தது. அண்ணன் சட்டையோ தடித்த துணி, வேர்வையில் நனைந்து அந்தத் தோலோடு ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று ஒரு நாள் வர மாட்டேன் என்று படுத்துவிட்டாள். நடுவில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் கெஞ்சிக் கெஞ்சி மறுநாள் கூட்டிப்போனான். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் போராட்டம்தான். இன்றைக்குப் போவாளா மாட்டாளா என்ற கவலையில் நாத்தனாரான எனக்கு ஆபீசில் இருப்புக்கொள்ளாது.

எனக்குக் கொஞ்சம் தையல் தெரியும். ஒரு பெண்கள் பத்திரிகையில் கோடைக்கான எளிய டாப்ஸ் என்று, துணிமேல் வைத்து வெட்டும் வெட்டுத்தாள் ஒன்றை இணைப்பாகக் கொடுத்திருந்தார்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, தலைவழியாகப் போட்டுக்கொள்ள வேண்டியது. நீல மல்துணி வாங்கிவந்து, அண்ணியின் பழைய ரவிக்கையை அளவுக்கு வைத்து, அவளிடம் சொல்லாமலே தைத்து முடித்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். வெகு நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது. இடப்பக்கம் துணி தொளதொளவென்று தொங்கியது. அக்குள் பக்கம் வளைவு வீங்கிய கையைக் கவ்விப் பிடித்திருந்தது.

“நல்லாத்தான் தச்சிருக்க. ஆனா இது ரெண்டும் இருக்கிறவளுக்குத் தச்சது” என்றாள். குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய்ச் சட்டையோடு திரும்பிவந்து மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

தையலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியாகத் தைக்க வேண்டுமானால் அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும். எப்படிக் கேட்பது? வீட்டில் யாருக்கும் அவள் காட்டியதில்லை, அண்ணனுக்கும்கூட. குத்துமதிப்பாக ஓட்டிப் பார்ப்பேன், சரிவராமல் நிறுத்துவேன். மெஷின் சத்தம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்ததைக் கேட்டோ என்னவோ, அண்ணி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள்.

“பாரு. பாக்காம எப்படித் தைப்ப?”

அக்குள்வரை சாய்வாக ஓடிய தழும்பு. அதைச் சுற்றிலும் வெந்து கறுத்த தோல். என் கண் கலங்கிவிட்டது.

“அழுவறதுன்னா அப்புறமா அழு. இப்ப அளவ எடு.”

இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக அளந்தேன். பத்திரிகைத் தாளை ஒதுக்கிவிட்டுப் பழைய செய்தித்தாளில் இரண்டு பக்கத்தையும் வேறு வேறாக வரைந்தேன். கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ள முன்பக்கம் முழுக்கத் திறப்பு, பொத்தான். இடது தோளில் நெருக்கமாகச் சுருக்கு வைத்ததில் அந்தப் பக்கத் துணி புடைத்து நின்றது. தையல் விளிம்பு தோலில் உரசாதபடி வெளிப்பக்கமாகத் திருப்பி, மேலே பூப்போட்ட பட்டி வைத்து மறைத்தேன். அண்ணி நடந்தபடியே வந்து வந்து எட்டிப் பார்த்தாள். “பாக்கெட் வையி, டிக்கெட் போடணும்” என்றாள். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு, அண்ணனுக்குக் காத்திராமல் தனியாகவே பஸ் ஏறிப் போனாள்.

கரண்ட் வைத்து முடிந்து சில வாரம் கழித்து, ஒரு காலையில் மொபெட்டை வெளியே எடுத்து என்னைப் பின்னால் ஏறச் சொன்னாள். தேங்காய்த்திட்டுக்கு மீன் வாங்கப் போனோம். மீன்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்து, “இன்னாம்மா, பொடவைய வுட்டுட்ட?” என்று கேட்டாள்.

“ஒரு பக்கம் மார எடுத்துட்டாங்க. ரவிக்கை போட முடியல.” வஞ்சிரம் விலை கேட்ட அதே குரலில்தான் சொன்னாள். நான் தலை குனிந்துகொண்டேன். மீன்காரம்மாவின் கத்தி நின்றது.

“என் தங்கச்சிக்கும் எடுத்துட்டாங்க. வூட்ட வுட்டு வெளிய வர மாட்டேன்றா.”

அண்ணி உடனே எந்தத் தெரு என்று கேட்டாள்.

இப்போது அண்ணி பழையபடி புடவைதான் கட்டுகிறாள். வருஷத்துக்கொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். மற்ற நாளெல்லாம் ஓட்டம்தான். வயதாகிறது, கொஞ்சம் உட்காரேன் என்று அண்ணன் சொன்னால், முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறாள். அவள் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அது அந்த மீன்காரம்மாவின் தங்கை வீட்டில்.

அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அளவெடுக்க வந்திருக்கிறோம் என்றதும் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். அண்ணி என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பேச்சுக்குரலே கேட்கவில்லை. ஓரிடத்தில் நிற்க முடியாமல் வாசலில் நடந்துகொண்டிருந்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டாள். அண்ணி தன் டாப்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, அவளைப் பார்த்தபடி, தன் ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.