உப்பு போடாத சோறு

"மார்கழி, செவ்வாய், காலை ஆறரை. மச்சானுக்கு நூற்றறுபதுக்கு நூறு. இன்று முதல் உப்பு நிறுத்தம்." தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது.

மச்சான் என் அக்காவின் கணவர். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. விடுப்பு முடிந்து மறுபடி கப்பல் ஏறுவதற்கு முன் மெடிக்கல் பரிசோதனைக்குப் போனார். ரத்தக்கொதிப்பு அதிகம் என்று டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கவும் நடக்கவும் நேரத்துக்குத் தூங்கவும் சொல்லி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் இறங்காவிட்டால் கப்பலுக்கு வேறு ஆள் போய்விடும்.

மாப்பிள்ளையூரணியில் எனக்கும் அவர்களுக்கும் ஒரே தெரு. தினமும் காலையில் அளந்து குறித்துவிட்டு, இருவரும் உப்பளச் சாலையில் நடப்போம். இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியல்கள்.

"ஏலே, இதப் பாத்தாலே ஏறும்போலுக்கே," என்பார்.

கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் நின்றன. இரவு செபமாலை முடிந்ததும் அக்கா அவருடைய போனை வாங்கி அரிசி டிரம்முக்குள் போட்டுவிடுவாள். கப்பல்காரர்களின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்டே விழித்துக் கிடந்தவர் முதல் வாரத்திலேயே நன்றாகத் தூங்க ஆரம்பித்தார். கொதிப்பு மட்டும் இறங்கவில்லை.

"வெளிய வடை கிடை தின்னுட்டு வாரீயளா?"

"மாதா சத்தியமா இல்லளா."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "கூட நடக்கவன் நீதானல? கண்ண எங்க வச்சிருந்த?"

மூன்றாவது வாரம் அக்கா வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் போர் மோட்டார் எரிந்துபோனது. குடிப்பதற்கு மட்டும் குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் வீடு. சமையலுக்கு எப்போதும் போர் தண்ணீர்தான். அன்று சோறும் வாங்கிய தண்ணீரில் வெந்தது. நானும் அங்கேதான் சாப்பிட்டேன். அக்கா ஒரு வாய் வைத்ததுமே நிறுத்தினாள்.

"ஐயோ, சோத்துக்கு உப்பு போட மறந்துட்டேன்!"

"நீ போட்டு மூணு வாரம் ஆச்சுளா," என்றார் மச்சான்.

மூன்று பேரும் குடத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு முறை கப்பலிலிருந்து வரும்போதும், முதல் நாள் சோற்றில் உப்பு கூடிவிட்டதா என்று அவர் கேட்பார். கப்பல் சாப்பாட்டில் நாக்கு செத்துவிட்டது என்று நாங்கள் சிரிப்போம். போர் தண்ணீர் கரிக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தினமும் சாப்பிடுகிற எங்கள் நாக்குக்கு அது உப்பாகவே படவில்லை.

"பாய்லருக்கு உப்புத்தண்ணி ஒரு சொட்டு காட்டமாட்டோம். எனக்கு இங்கன குடம் குடமா ஊத்திருக்கியேளா!"

"பாய்லருன்னா இப்படி வாய் பேசாதுல்லா," என்றாள் அக்கா.

மோட்டாரைச் சரிசெய்த பிறகும் போர் தண்ணீர் அடுப்படிக்குள் வரவில்லை. அடுத்த சில தாள்களில் எண்கள் மெல்ல இறங்குகின்றன. இரண்டாம் முறை டாக்டர் கையெழுத்துப் போட்டார். மச்சான் இப்போது கப்பலில் இருக்கிறார். மாத்திரையை விடவில்லை, தளத்தில் நடக்கிறார்.

தண்ணீரை மாற்றியதால்தான் இறங்கியது என்று அக்கா தெரு முழுக்கச் சொல்கிறாள். நான் அப்படி எழுதவில்லை. மாத்திரை முழுதாகப் பிடிக்கவும் சில வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோதனைக்குக் கொடுப்பதற்காகப் பாட்டிலில் பிடித்த போர் தண்ணீர் என் மேசைமேல் இருக்கிறது. அதில் உப்பு எவ்வளவு என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.