தொட்டியில் விட்ட விரால்

காட்டூரில் எங்கள் நெல்வயலை ஒட்டி ஒரு குட்டை உண்டு. ஐப்பசி மழையில் நிரம்பும், கோடையில் வெடித்துக் கிடக்கும். அதில் விரல் நீளம்கூட இல்லாத, வயிற்றில் சிவப்புக் கோடு போட்ட ஒரு பொடி மீன். குழம்புக்கு உதவாது என்பதால் ஊரில் யாரும் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை.

போன கோடைக்கு முன்னால் மீன்களை ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் கைவலையோடு வந்தார். அந்தப் பொடியைப் பார்த்ததும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். சுற்றுவட்டாரக் குட்டைகளையெல்லாம் தூர்த்து மனை போட்டுவிட்டதால் இந்த மீன் இங்கேதான் மிச்சமாம். முன்பு மழைக்குக் கால்வாய் வழியாக மறுபடி ஏறி வருமாம். இப்போது கால்வாயும் அடைபட்டுவிட்டது. வரும் கோடையில் குட்டையோடு காய்ந்தால் அத்தோடு சரி என்றார். நம் வயலோரத்தில் இப்படியொரு பெருமையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

குட்டை வற்ற வற்ற, என் மனைவியின் பழைய புடவையை விரித்து அந்த மீன்களை வாரினேன். கொல்லையில் துணி அலசுகிற சிமென்ட் தொட்டியைக் கழுவி, அதில் விட்டேன். என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாய்கூட மோந்து பாக்காத மீனுக்கு என் தொட்டியா? துணிய இன்னா, உன் தலையில தொவைக்கறதா?"

மழை வரும்வரை துணி மூட்டையைப் பம்புசெட்டுக்குத் தூக்கிப் போய் அலசுவது என் வேலை என்று முடிவானது. நான் அலசிய லட்சணத்துக்குத் தினமும் பேச்சு வாங்கினேன்.

அந்த நேரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல். பார்க்க வந்தான் அவள் தம்பி. சுண்ணாம்புக்குளம் ஊர்க்காரன்; அங்கே உப்பு ஏரியில் இறங்கி இறாலும் நண்டும் கையாலேயே தடவிப் பிடிக்கிறவன். அவர்கள் வீட்டில் யாரும் வெறுங்கையோடு விருந்து போகமாட்டார்கள். கொண்டுபோகிற மீனுக்கு உயிர் இருக்க வேண்டும். வந்ததும் முதல் வேலை, அந்த வீட்டில் எங்கே தண்ணீர் தெரிகிறதோ அங்கே மீனை விடுவது. உடம்பு எப்படி என்று கேட்பதெல்லாம் அப்புறம்தான். காய்ச்சல் கண்ட உடம்புக்கு விரால் நல்லது என்று, ஈரச் சாக்கில் இரண்டு விரால் கொண்டுவந்திருந்தான்.

நான் வயலிலிருந்து வந்தபோது தொட்டியில் அந்த இரண்டு விரால்கள் மட்டும் வயிறு புடைக்கக் கிடந்தன.

"உசுரோட கீது பாருங்க மாமா!" என்றான் மச்சினன், முகமெல்லாம் பல்லாக.

"டேய், உள்ள பொடி மீன் இருந்துச்சே, நீ பாக்கல?"

"பாத்தேன் மாமா. நான் விரால் எடுத்தாறேன்னு தெரிஞ்சு எரை போட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. அப்புறம் தொட்டிக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, மீனுக்காக அழுதவன் என்று பேர் வரக்கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

விஷயம் புரிந்ததும் மச்சினன் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு குட்டைக்கு ஓடினான். அங்கே மிச்சம் இருந்தது கணுக்கால் சேறுதான். அதில் குப்புறப் படுத்து, ஏரியில் இறால் தடவுவதைப்போல இரண்டு கையாலும் தடவினான். பொழுது சாயும்போது கண் மட்டும் தெரிய வந்து சொம்பை நீட்டினான். உள்ளே நாலைந்து சிவப்புக் கோடுகள் நெளிந்தன. கட்டிப் பிடித்திருப்பேன், ஆனால் அவன் மேல் அவ்வளவு சேறு. முறைத்தபடியே வாங்கிக்கொண்டேன்.

விராலை அவனே குழம்பு வைத்து அக்காவுக்குப் பரிமாறினான். அவள் தட்டைத் தள்ளினாள்.

"அதுங்க வயித்துல நம்ம புள்ளைங்க போயிருக்குதுங்கடா. எனக்கு ரசம் ஊத்து."

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மழை வந்து குட்டை நிரம்பியதும் அவளே குடத்தில் எடுத்துப்போய் அந்தப் பொடி மீன்களை விட்டுவிட்டு வந்தாள். நாலைந்தாகத் தொட்டிக்குள் போனவை, அங்கேயே கொஞ்சம் பெருகியிருந்தன. நான் நிம்மதியாகத் துணி மூட்டையைத் தொட்டியடியில் போட்டேன்.

"எடு அந்த மூட்டைய," என்றாள். "அடுத்த கோடைக்கு அதுங்க வரணும். என் தொட்டியில சோப்புத் தண்ணி படக்கூடாது."

துணி இன்றைக்கும் பம்புசெட்டில்தான். அலசுவதும் நான்தான்.