மாமனார் பெயரில் ஒரு பெருங்காயம்

தி.நகர் கடையில் நாங்கள் விற்ற கட்டிப் பெருங்காயத்துக்குத் தாத்தாவின் பெயர்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அவர் தொடங்கிய வியாபாரம். தாத்தாவும் அப்பாவும் போன பிறகு அம்மாதான் கடையைப் பார்த்தாள். பொட்டலத்தில் அந்தப் பெயரை ரப்பர் ஸ்டாம்பால் குத்துவதும் அவள்தான். ஆனால் வாய் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை. மாமனார் பேரை மருமகள் சொல்வதாவது! அது முருகனின் பெயரும்கூட. அதனால் வடபழனிக்குப் போனாலும் பொதுவாக "சாமி" என்று கும்பிட்டுவிட்டு வருவாள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வோம்.

தொண்ணூறுகளில், எங்களிடம் சரக்கு எடுத்துக் கடை கடையாகப் போட்டுவந்த ஆள் அந்தப் பெயரைத் தன் முத்திரையாகப் பதிவு செய்துகொண்டான். உண்ட வீட்டுக்கே ரெண்டகம். அதோடு விட்டானா? போலி விற்பது நாங்கள்தான் என்று எங்கள் மேலேயே வழக்குப் போட்டான்.

"அவன் பதிவு செய்யறதுக்கு முன்னாடியே நீங்க அந்தப் பேர்ல வித்தீங்கன்னு நிரூபிச்சா போதும்மா" என்றார் எங்கள் மயிலாப்பூர் வக்கீல். எங்களிடம் அச்சடித்த பில் கிடையாது, விளம்பரம் கிடையாது. பக்கத்துக் கடைக்காரர்கள் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நாங்களோ பள்ளிக்கூடப் பிள்ளைகள். மிஞ்சியது அம்மாவின் சாட்சி மட்டும்தான்.

கூண்டில் ஏறியவளிடம் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்த எடுப்பில் கேட்டார்: "உங்க பெருங்காயத்துக்கு என்ன பேரு?"

"எங்க மாமா பேருதான்."

"அந்தப் பேரைச் சொல்லுங்க."

"அத நான் எப்படிச் சொல்லுவேன்? பொட்டலத்துல போட்டிருக்குல்லா."

"ஸ்டாம்ப் நேத்துகூடச் செஞ்சிருக்கலாம். கடைக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்லி விப்பீங்க?"

"நம்ம பெருங்காயம்னு சொல்லுவேன்."

"ஆக, அதுக்குப் பேரே கிடையாது."

நீதிபதி பொறுமையானவர். "ஒரு தடவை சொல்லிடுங்கம்மா" என்றார். எங்கள் வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார். பின் பெஞ்சில் இருந்த எனக்கு, நானே எழுந்து கத்திவிடலாம் போல இருந்தது. அம்மா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள், மூடினாள். "எழுதிக் காட்டுதேன்" என்றாள். எழுதியும் கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தால் யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்றார் அந்த மனிதர்.

தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. விற்பவர்களே சொல்லாத பெயரை அவர்கள் சரக்கின் பெயராக ஏற்க முடியாதாம். இனி அந்தப் பெயரைச் சொல்லி நாங்கள் விற்கவே கூடாதாம். கோர்ட் அனுப்பிய ஆள் வந்து பொட்டலங்களை மூட்டை கட்டினார், ஸ்டாம்பையும் எடுத்துக்கொண்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு அந்தத் திருடன் மேல் வந்த ஆத்திரத்தைவிட அம்மா மேல் வந்ததுதான் அதிகம்.

மூட்டைகள் போனதும் கேட்டேவிட்டேன். "தாத்தா என்ன, எழுந்து வந்து கண்ணைக் குத்துவாரா? சொல்லித் தொலைச்சிருந்தா என்னம்மா?"

"சொல்லத்தான் பாத்தேன். இத்தன வருசமாச் சொல்லாத வாயி, வரமாட்டேன்னுட்டு" என்றாள். காலியான அலமாரித் தட்டைச் சும்மா துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மரியாதைக்குன்னு நான் ஒருத்திதான் சொல்லாம இருந்தேன். இனி இந்தக் கடையில ஒருத்தருமே சொல்லக் கூடாதுன்னு பண்ணிட்டேனே."