நொண்டி நடந்த சுபேதார்

திங்கட்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே உள்ள என் ஜெராக்ஸ் கடையில் நல்ல கூட்டம். யாருடைய ஜாமீன் மனுவையோ மிஷினில் வைத்துக்கொண்டிருந்தபோது வெள்ளிமலையிலிருந்து போன் வந்தது. சுபேதார் வெள்ளையனின் மனைவி அஞ்சலை பேசினார்.

"அண்ணா, அவரு பூட்டாருண்ணா. காட்டு வழியில வுழுந்து கெடந்தாரு. நெஞ்சுவலின்னு டாக்டர் சொல்றாரு."

பின்கழுத்தில் முள் குத்தினாற்போல் ஒரு புள்ளி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். பார்த்துவிட்டு வந்து, "இருக்குதுண்ணா, இன்னாத்துக்குக் கேக்கறீங்க?" என்றார். கடையை அப்படியே சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

வெள்ளிமலையில் அவரை எல்லோருக்கும் தெரியும். பட்டாளத்தில் காலில் குண்டு வாங்கியவர், சதா மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நொண்டி நொண்டிப் போகிறவர். முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களும் உண்டு. அந்தக் காலில் ஒரு கீறல்கூடக் கிடையாது. வெளியே சொல்லக்கூடாது என்று, பட்டாளத்தில் அவர்கூட இருந்த நானும் மற்றவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நாங்கள் போன காரியமே நடக்கவில்லை என்றுதான் காகிதம் சொல்கிறது. நடக்காத காரியத்தைச் சொன்னதற்காக என்னைப் பிடிக்க வருகிறவர்கள் வரட்டும், இனி எனக்குக் கவலையில்லை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த வருஷம் அது. மலைக்குள் ஒரு கூட்டம் ஆளைக் கொல்லும் கருவிகள் செய்கிறது என்று தகவல் வந்து, எங்கள் பிரிவில் ஆறு பேரை அனுப்பினார்கள். அவர்தான் தலைவர், மலையில் பிறந்தவர் என்பதால். மரவள்ளிக்கிழங்கு வாங்க வந்த வியாபாரிகளாக லுங்கி, தராசு, சாக்குகளோடு ஏறினோம். லுங்கிக்கு உள்ளே, உடம்பின் சூட்டை வெளியே காட்டாத மெல்லிய உடுப்பு. எந்தக் கேமராவும் எங்களைக் காணாது என்று மிதப்பாகத்தான் போனோம்.

அவர்கள் மரத்தில் தொங்கவிட்டிருந்ததற்குக் கேமரா தேவையே இல்லை. வௌவால் அளவுதான் இருக்கும். வெயிலைத் தின்று வருஷக்கணக்கில் தொங்கும். ஏவ ஆள் வேண்டாம். கீழே நடப்பவர்களின் நடையை மட்டும் கவனிக்கும். தலைச்சுமையோடு போகும் மலைக்காரர்களை விட்டுவிடும். ராணுவக்காரன் நடையைக் கண்டால் இறங்கிப் பின்கழுத்தில் ஒரு விஷ ஊசி, பார்ப்பவர்களுக்கு நெஞ்சுவலி போலத்தான் தெரியும்.

எங்களைக் காட்டிக்கொடுத்தது எங்கள் கால்கள்தான். கண்ணிவெடிக்குப் பயந்து, முன்னால் போகிறவன் வைத்த தடத்திலேயே கால் வைத்துப் பழகியவர்கள் நாங்கள். கிழங்கு வியாபாரி எவனாவது அப்படி நடப்பானா? ஆறு பேரும் அப்படித்தான் நடந்தோம். நான்காவதாக வந்த பாண்டி சத்தமில்லாமல் விழுந்தான். மற்றவர்கள் தரையில் படுத்தோம். சுபேதார் மட்டும் நின்று மேலே பார்த்தார். ஒரு நொடியில் புரிந்துகொண்டார்.

"தடத்த வுடுங்கடா. எழுந்து தாறுமாறா நடங்க. குடிச்சவன் மாதிரி நடங்க."

பட்டப்பகலில், செத்தவனைப் பக்கத்தில் போட்டுவிட்டு, ஐந்து பேரும் தள்ளாடினோம். அது எங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்த் தொங்கியது. அன்று முழுக்க அப்படியே தள்ளாடிப் போய்த்தான் அந்தக் கூடாரத்தைப் பிடித்தோம். மரங்களிலிருந்து பத்துக் கருவிகளை இறக்கினோம், ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்று முதல் பத்து வரை எண் பொறித்திருந்தது. சிக்கிய காகிதத்தில் பதினொன்று என்று இருந்தது. ஒன்று குறைகிறதே என்று சுபேதார் கேட்டதற்கு, "அதெல்லாம் இந்நேரம் கெட்டுப்போயிருக்கும்" என்று மேலதிகாரிகள் முடித்துவிட்டார்கள்.

அவரால் முடிக்க முடியவில்லை. ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கே போனார். அன்றிலிருந்து நொண்டினார். தினம் ஒரு வழியாகக் காட்டுக்குள் போய் மரம் மரமாகப் பார்த்தார். மாதம் ஒருமுறை கடைக்கு வருவார், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து இங்கேயும் காலை இழுத்துக்கொண்டு. "இங்க எதுக்குய்யா இந்தக் கூத்து, ஆட்டோல வரக்கூடாதா?" என்று கேலி செய்வேன்.

"இங்க நேரா நடந்து பழகிட்டன்னா அங்க மறந்துடுவேன் ஏழுமல. மறந்தா ஒரு தபாதான்."

சாவதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, போன் செய்தார். குரலே சரியில்லை. மலைப் பள்ளிக்கூடத்தில் விழாவுக்காகப் பிள்ளைகளுக்கு அணிவகுப்புப் பழக்கப் போகிறார்கள். காட்டோர மைதானம். திங்கட்கிழமை ஆரம்பம்.

"எட்மாஸ்டர் கிட்ட சொல்லிப் பாத்துட்டேன். பட்டாளத்துக்காரரே வேணாம்னா எப்படிங்கன்னு சிரிக்கிறாரு. எல்லாம் ஒரே மாதிரி கால் போட்டு வரப்போவுதுங்க ஏழுமல. நீ நாளைக்கு வா. நான் நேரா நடக்கிறேன். அது எறங்கனா நீ வலையப் போடு."

கடையில் வேலை ஜாஸ்தி, திங்கட்கிழமை கோர்ட்டு வேறு, செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றேன். "சரி, நீ உன் வேலையப் பாரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது குழி வெட்டியாகிவிட்டது. அஞ்சலை அழுதழுது ஓய்ந்திருந்தார்.

"காலையில வூட்ட வுட்டு நேரா நடந்து போனாருண்ணா. நொண்டவே இல்ல. கால் நல்லாயிட்டுதுன்னு பக்கத்து வூட்ல கூடச் சொல்லிக்கினு இருந்தேன்." பிறகு முந்தானையை அவிழ்த்தார். "கையில இத்தப் புடிச்சிக்கினு இருந்தாரு. வெரலப் பிரிக்கவே முடியல."

நசுங்கிய இறக்கை, முறிந்த ஊசி. வலை போட ஆள் இல்லாமல், அது குத்தும்வரை காத்திருந்து கையால் பிடித்திருக்கிறார். அதே நேரம் தலைமையாசிரியர் என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. "அவரு பேச்சக் கேட்டிருக்கணுங்க. கடைசி மரியாதையா பசங்கள வரிசையா நடத்திக் கூட்டினு வரலாம்னு நிக்க வச்சிருக்கேன்" என்றார். எல்லாம் முடிந்தது, பிள்ளைகள் தாராளமாக நடக்கட்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு வழக்கத்துக்காக, அஞ்சலை தந்த அந்தக் கருவியைத் திருப்பிப் பார்த்தேன்.

அடியில் பன்னிரண்டு என்று பொறித்திருந்தது.

பதினொன்று இன்னும் மரத்தில் இருக்கிறது. காகிதம் பொய் சொல்லியிருக்கிறது, அதற்கு மேலும் எத்தனையோ. மைதானத்துக்கு ஓடினேன். முப்பது பிள்ளைகள், இடது கால் தூக்கத் தயாராக. "கலைஞ்சி வாங்க, விளையாடிக்கினே வாங்க, அவருக்கு அதுதான் புடிக்கும்" என்று கத்தினேன். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஒன்று குதித்துக்கொண்டு, ஒன்று தோழியை இழுத்துக்கொண்டு வந்தன. தலைமையாசிரியர் ஏனென்று கேட்கவில்லை. இனி வரிசை நடை வேண்டாம் என்றேன், தலையசைத்தார். பாடையை நான்கு பேர் தூக்கினோம், நான்கு விதமாக நடந்து. பீரங்கியும் இல்லை, கொடியும் இல்லை. பலா மரங்களில் ஒரு இலையும் அசையவில்லை.

மண் தள்ளிவிட்டுத் திரும்பும்போது அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "உங்களுக்கும் கால்ல அடிங்களாண்ணா? இத்தன நாளு நான் கவனிச்சதே இல்ல."

"ஆமாம்மா" என்றேன். கடையை வாடகைக்கு விட்டாயிற்று. வெள்ளிமலையில் வீடு பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் நேராகவே நடந்து போங்கள், சுபேதார் ஐயா. இங்கே நான் நொண்டிக்கொள்கிறேன்.